லையா, லேயா? கிடப்பதற்கும் கிடத்துவதற்கும் ஒரு வழிகாட்டி

ஆங்கிலம் கற்கத் தொடங்கியவர்களைத் தடுக்கிவிடும் வினைச்சொற்களில் 'லை', 'லே' என்ற இரண்டுக்கும் முன்வரிசையில் இடம் உண்டு. எல்-ஐ-ஈ என்று எழுதினால் லை. எல்-ஏ-ஒய் என்று எழுதினால் லே. ஒலியிலும் பொருளிலும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே தினமும் மாற்றிப் பேசுகிறார்கள் என்பது ஒரு சின்ன ஆறுதல்.

அதைவிடப் பெரிய ஆறுதல் ஒன்று இருக்கிறது. இந்த ஜோடிக்குப் பின்னால் இருக்கும் இலக்கணம் நமக்குப் புதிதே அல்ல. பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, அதேதான். ஆங்கிலேயருக்கு அந்த இலக்கணம் மறந்துபோய்ப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. நமக்கு இன்னும் வாயிலேயே இருக்கிறது. ஆகவே இந்த இடத்தில் தமிழ் வழியாகப் போவதுதான் குறுக்குவழி. குழப்பம் உண்மையில் இருப்பது ஒரே ஓர் இடத்தில், இறந்தகாலத்தில். அங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதல் படி: கிட, கிடத்து

உருள், உருட்டு. திருந்து, திருத்து. சுழல், சுழற்று. எழு, எழுப்பு. ஒவ்வொரு ஜோடியிலும் முதலாவது தானாக நடப்பது, இரண்டாவது இன்னொன்றை அப்படி நடக்கச் செய்வது. இதே வரிசையில் 'கிட, கிடத்து' என்று சொல்லிப் பாருங்கள். 'லை' என்றால் கிட. 'லே' என்றால் கிடத்து. அடிப்படைப் பொருள் அவ்வளவுதான்.

ஒரு தாய் களைத்துப்போய்ப் படுக்கிறாள்: 'ஷீ லைஸ் டவுன்.' அதற்கு முன்னால் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிறாள்: 'ஷீ லேஸ் த பேபி இன் த க்ரேடில்.' முதல் வாக்கியத்தில் அவள் உடம்பு மட்டும்தான் சம்பந்தப்பட்டது. இரண்டாவதில் அவள் கை இன்னோர் உடம்பைப் படுக்க வைக்கிறது.

தமிழில் 'படு' என்பது செயல், 'கிட' என்பது நிலை. ஆங்கிலத்தில் இரண்டையும் 'லை' ஒன்றே சுமக்கிறது. படுத்துக்கொள்ளும் செயலைத் தனியாகக் காட்ட வேண்டுமானால் 'டவுன்' சேர்த்து 'லை டவுன்' என்பார்கள். மனிதர்கள் மட்டுமல்ல, எது கிடந்தாலும் லைதான்: தரையில் கிடக்கும் புத்தகம், மலைமேல் கிடக்கும் பனி, நங்கூரம் பாய்ச்சி நிற்கும் கப்பல். ஓர் ஊர் இரண்டு மலைகளுக்கு நடுவில் அமைந்திருக்கிறது என்றாலும், சிக்கல் இங்கேதான் இருக்கிறது என்றாலும், நமக்கு முன்னே என்ன காத்திருக்கிறது என்றாலும் 'லைஸ்' வரும். இந்த இடங்களில் தமிழில் 'கிடக்கிறது' என்று சொல்ல மாட்டோம். அதனால்தான் பலர் இங்கே லையை நினைக்காமல் 'இஸ்' போட்டு முடித்துவிடுகிறார்கள். தப்பில்லை, ஆனால் லை வந்தால் வாக்கியம் நன்றாக உட்காரும்.

இரண்டாம் படி: 'எதை?' என்று கேளுங்கள்

சந்தேகம் வந்தால் வினையைப் பார்த்து 'எதை?' அல்லது 'யாரை?' என்று கேளுங்கள். பதில் கிடைத்தால் லே. கிடைக்காவிட்டால் லை. 'புத்தகம் மேசைமேல் கிடக்கிறது': எதைக் கிடக்கிறது? கேள்வியே பொருந்தவில்லை, அப்படியானால் லை. 'புத்தகத்தை மேசைமேல் வைக்கிறேன்': எதை? புத்தகத்தை. அப்படியானால் லே. இரண்டாம் வேற்றுமையின் 'ஐ' இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்தச் சோதனை. மொழிபெயர்த்துப் பார்க்கும் பழக்கம் வேண்டாம் என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். பொதுவாகச் சரிதான், ஆனால் இந்த ஓர் இடத்தில் மட்டும் தாராளமாக மொழிபெயர்த்துப் பாருங்கள் என்பேன்.

சோதனை ஏமாற்றும் இடங்கள் மூன்று.

ஒன்று, செயப்பாட்டு வினை. 'த பேபி வாஸ் லெய்ட் ஆன் த பெட்.' குழந்தை படுக்கையில் கிடத்தப்பட்டது. இங்கே 'ஐ' இல்லை. ஆனாலும் யாரோ கிடத்தியிருக்கிறார்கள் என்பது வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. 'கிடத்தப்பட்டது' போல இன்னொரு வினையின் பின்னால் ஒட்டிக்கொண்டு 'படு', 'பட்டது' என்று தமிழில் வந்தால் லே குடும்பம்தான்.

இரண்டு, கோழி. 'த ஹென்ஸ் ஆர் லேயிங் வெல்' என்றால் கோழிகள் நன்றாக முட்டையிடுகின்றன என்று பொருள். முட்டை என்ற சொல்லே வாக்கியத்தில் இருக்காது. கோழி விஷயத்தில் வேறு எதை இடப்போகிறது என்று ஆங்கிலம் அந்தச் சொல்லை விட்டுவிடுகிறது.

மூன்று, தன்னைத்தானே கிடத்துவது. 'ஐ லே மைசெல்ஃப் டவுன்' என்று பழைய நடையில் எழுதுவார்கள். என்னை நான் கிடத்துகிறேன் என்று அர்த்தம். 'மைசெல்ஃப்' இருப்பதால் லே சரி. அந்த 'மைசெல்ஃப்' மெல்ல உதிர்ந்துபோனால் என்ன மிஞ்சும்? 'ஐ லே டவுன்.' பேச்சில் லையின் இடத்துக்கு லே நழுவி வந்த வழிகளில் இதுவும் ஒன்று.

மூன்றாம் படி: காலம் காட்டும் வடிவங்கள்

இதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லி மனப்பாடம் செய்துவிடுவது நல்லது.

லை (கிட): இன்று லை, நேற்று லே, 'ஹேவ்' உடன் லெய்ன், தொடர்வினை லையிங்.

லே (கிடத்து): இன்று லே, நேற்று லெய்ட், 'ஹேவ்' உடன் லெய்ட், தொடர்வினை லேயிங்.

இரண்டு வரியையும் இன்னொரு தடவை பாருங்கள். முதல் வரியில் 'நேற்று' என்ற இடத்தில் நிற்பதும், இரண்டாம் வரியில் 'இன்று' என்ற இடத்தில் நிற்பதும் ஒரே சொல். எழுத்தும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று. 'கிடந்தேன்' என்பதற்கும் 'கிடத்துகிறேன்' என்பதற்கும் ஒரே வடிவம்! இத்தனை ஆண்டுக் குழப்பத்துக்கும் வேர் இதுதான்.

போதாக்குறைக்கு, 'நேற்று நான் படுத்தேன்' என்பதை 'ஐ லே டவுன்' என்று சொல்ல வேண்டும். வேகமாகச் சொன்னால் 'லே'யும் 'டவுன்' என்பதன் முதல் 'ட'வும் ஒட்டிக்கொண்டு 'லெய்ட் டவுன்' என்றே காதில் விழும். கேட்டு வளர்கிற பிள்ளைக்கு அது லேயா, லெய்ட்டா என்று எப்படித் தெரியும்?

எழுத்துக்கூட்டில் மூன்று விஷயங்கள். லெய்ட் என்பது எல்-ஏ-ஐ-டி. ஒய் போட்டு ஈ-டி சேர்க்கக் கூடாது. 'பே' என்பது 'பெய்ட்' ஆகும்போது ஒய் ஐ ஆகிறதே, அதே வழக்கம். லெய்ன் என்பது எல்-ஏ-ஐ-என். லையிங் என்பது எல்-ஒய்-ஐ-என்-ஜி; 'டை' என்பது 'டையிங்' ஆவது போல ஐ-ஈ போய் ஒய் வருகிறது.

லெய்ன் இன்று அரிதாகத்தான் காதில் விழுகிறது. எழுத்தில் சரியாகப் போட்டால்கூட வாசிக்கிறவர்கள் ஒரு கணம் நின்று பார்ப்பார்கள். சங்கடமாக இருந்தால் 'ஹேஸ் பீன் லையிங்' என்று தொடர்வினையாக மாற்றிவிடுங்கள். பெரும்பாலான இடங்களில் பொருள் கெடாது.

நான்காம் படி: மோதல் எப்படி வந்தது

இந்தக் கதை தெரிந்தால் மேலே சொன்ன அட்டவணை மறக்காது. அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

சுமார் 450 முதல் 1100 வரை இங்கிலாந்தில் பேசப்பட்டதைப் பழைய ஆங்கிலம் என்கிறார்கள். அதில் கிட என்பதற்கு 'லிட்ஜன்', கிடத்து என்பதற்கு 'லெட்ஜன்'. எழுத்தில் சி-ஜி என்று இருக்கும், வாயில் 'ட்ஜ்' என்று வரும். இன்றைய 'எட்ஜ்', 'பிரிட்ஜ்' ஆகிய சொற்களும் அந்தக் காலத்தில் சி-ஜி போட்டு எழுதப்பட்டவைதான். நான், நாம் என்ற இடங்களில் இந்த 'ட்ஜ்' வந்தது. நீ, அவன் என்ற இடங்களில் வரவில்லை, அங்கே யகரம் போன்ற மெல்லிய ஒலிதான். பிற்காலத்தில் மெல்லிய வடிவமே எல்லா இடத்துக்கும் பரவியது. அதனால்தான் இன்று 'லிட்ஜ்', 'லெட்ஜ்' என்று சொல்லாமல் 'லை', 'லே' என்கிறோம்.

சரி, இந்த லெட்ஜன் எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்துக்கும் முந்தைய ஜெர்மானிய மூலமொழியில் ஒரு வழக்கம் இருந்தது. தன்வினையின் இறந்தகால அடியை எடுத்து, பின்னால் '-யன்' போன்ற ஒரு விகுதியைச் சேர்த்தால் பிறவினை கிடைக்கும். கிடந்தான் என்பதற்கு 'லக்-' என்ற அடி. அதோடு '-யன்' சேர்ந்து 'லக்யன்', அதாவது கிடக்கச் செய். நாம் 'வி', 'பி' சேர்த்து செய்வி, நடப்பி என்று ஆக்குவதும் இதே வேலைதான். பிறகு அந்த விகுதியில் இருந்த யகரம் முன்னால் இருந்த அகரத்தைத் தன் பக்கம் இழுத்து எகரம் ஆக்கியது. 'மேன்' என்பது பன்மையில் 'மென்' ஆனதும் இதே இழுப்பினால்தான். விகுதி தேய்ந்து மறைந்துவிட்டது. அது உயிரெழுத்தில் விட்டுப்போன மாற்றம் மட்டும் நின்றுவிட்டது.

இனி மோதலுக்கு வருவோம். லிட்ஜனின் இறந்தகாலம் ஏறத்தாழ 'லாய்'க்கும் 'லேய்'க்கும் நடுவில் ஒலித்த ஒரு சொல். லெட்ஜனின் நிகழ்காலத்தில் இருந்தது தெளிவான எகரம். இரண்டும் வேறுவேறு உயிரொலிகள், கேட்பவருக்குக் குழப்பமே இல்லை. இதே இரண்டு ஒலிகள் இன்னொரு ஜோடிச் சொல்லிலும் இருந்தன. நாள் என்னும் பொருள் கொண்ட 'டே'யில் முதல் ஒலி, வழி என்னும் பொருள் கொண்ட 'வே'யில் இரண்டாவது. இடைக்கால ஆங்கிலத்தில் இந்த இரண்டு ஒலிகளும் ஒன்றாகக் கலந்துவிட்டன. அதனால்தான் இன்று டேயும் வேயும் எதுகை போல ஒத்து ஒலிக்கின்றன. அந்தக் கலப்பில் சிக்கிக் கிடந்தான் என்பதும் கிடத்து என்பதும் ஒரே 'லே' ஆகிவிட்டன. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஒலி மாறியது, இரண்டு சொல் அகப்பட்டுக்கொண்டன.

ஆக, 'லே' என்று ஒரு சொல்லைப் பார்த்தால் அது ஒரே சொல் என்று நினைக்காதீர்கள். ஒரே சட்டை போட்ட இரண்டு ஆட்கள். யார் என்று தெரிய வாக்கியத்தின் காலத்தையும், 'எதை?' என்ற கேள்வியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: அண்ணன் தம்பிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

லை-லே தனியாக நிற்கவில்லை. அதே பழைய முறையில் உண்டான இன்னும் சில ஜோடிகள் ஆங்கிலத்தில் மிச்சம் இருக்கின்றன. தமிழ் இணையோடு சேர்த்துச் சொன்னால் உடனே பிடிபடும்.

'சிட்', 'செட்': அமர், அமர்த்து.

'ஃபால்', 'ஃபெல்': வீழ், வீழ்த்து. ஃபெல் என்பது இன்று பெரும்பாலும் மரத்தை வெட்டி வீழ்த்துவதற்கு மட்டும் வருகிறது.

'ரைஸ்', 'ரெய்ஸ்': எழு, எழுப்பு. இதில் ரெய்ஸ் மட்டும் வெளியூர்க்காரர். வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தவர். ஆங்கிலத்தின் சொந்தப் பிறவினை 'ரியர்'. குழந்தையையோ கால்நடையையோ வளர்ப்பதைச் சொல்ல இன்றும் பயன்படுகிறது.

'ட்ரிங்க்', 'ட்ரெஞ்ச்': குடி, குடிக்க வை. ட்ரெஞ்ச் என்றால் இன்று தொப்பலாக நனைப்பது என்றுதான் பலருக்கும் தெரியும். ஆனால் மூலப்பொருள் குடிக்க வைப்பது. கால்நடை வைத்தியத்தில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வாய்வழியாக மருந்து புகட்டுவதை இன்னும் ட்ரெஞ்ச் என்றுதான் சொல்கிறார்கள். பழம்பொருள் தொழுவத்தில் பிழைத்துக் கிடக்கிறது.

இந்த வரிசையிலிருந்து ஒரு பயனுள்ள விதி கிடைக்கிறது. தன்வினைகள் எல்லாம் இறந்தகாலத்தில் உயிரெழுத்தை மாற்றுகின்றன: சாட், ஃபெல், ரோஸ், ட்ராங்க், லே. பிறவினைகள் பின்னால் உருவாக்கப்பட்டவை என்பதால் சாதுவாக 'ட்' சேர்த்துக்கொள்கின்றன: ஃபெல்ட், ரெய்ஸ்ட், ட்ரெஞ்ச்ட், லெய்ட். செட் மட்டும் மாறாமல் நிற்கும், ஏற்கெனவே டகர ஒலியில் முடிவதால். எனவே 'கிடத்தினான்' என்று சொல்ல வரும்போது ட் இருக்க வேண்டும் என்று நினைவில் வையுங்கள். 'கிடந்தான்' என்றால் ட் கூடாது.

ஃபாலைக் கவனித்தீர்களா? வீழ்ந்தது என்பதும் ஃபெல், வீழ்த்து என்பதும் ஃபெல். லேயில் நடந்த அதே மோதல். ஆனால் அதைப் பற்றி யாரும் புலம்புவதில்லை, ஏனென்றால் மரம் வெட்டுகிறவர்களைத் தவிர வீழ்த்து என்ற பொருளில் அந்தச் சொல்லை அன்றாடம் எடுப்பவர்கள் குறைவு. படுப்பதும் வைப்பதும் எல்லாரும் தினம் செய்கிற காரியம். அதுதான் வித்தியாசம்.

ஆறாம் படி: பொய் சொல்லும் லை

எல்-ஐ-ஈ என்று எழுதும் இன்னொரு லை உண்டு. பொய் சொல்வது. முன்னதோடு இதற்கு எந்த உறவும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் இது 'லேயோகன்' போல ஒலித்த வேறொரு வினை, வேறொரு வேர். ஜெர்மன் மொழியில் இன்றும் மூன்றும் தனித்தனியாக இருக்கின்றன: கிடப்பது 'லீகன்', கிடத்துவது 'லேகன்', பொய் சொல்வது 'லூகன்' போல ஒலிக்கும். ஆங்கிலத்தில் முதலும் மூன்றும் ஒலியில் சேர்ந்துவிட்டன.

இது எளிய வினை. நேற்று பொய் சொன்னான் என்றால் 'லைட்', எல்-ஐ-ஈ-டி. ஹேவ் உடனும் அதேதான். தொடர்வினை மட்டும் மற்றதைப் போலவே லையிங்.

அந்தத் தொடர்வினையில்தான் சிக்கல். 'ஹீ இஸ் லையிங்' என்றால் அவன் படுத்திருக்கிறானா, புளுகுகிறானா? சூழலை வைத்துத்தான் சொல்ல முடியும். பொய் என்ற வாடை வருகிறதே என்று கூசி, படுத்திருப்பதைச் சொல்லும்போது பலர் 'லேயிங்' என்று மாற்றிவிடுகிறார்கள். 'ஐ வாஸ் லேயிங் இன் பெட்' என்பது அடிக்கடி காதில் விழும். எழுத்தில் அது தவறாகவே கருதப்படும். கூச்சப்படாமல் லையிங் போடுங்கள். 'இன் பெட்' என்று பக்கத்தில் இருந்தால் யாரும் உங்களைப் பொய்யர் என்று நினைக்கப்போவதில்லை.

மந்திரவாதி என்ற பொருளில் வரும் 'வார்லாக்' என்ற சொல்லின் பின்பாதி இந்தப் பொய் வேரிலிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் அதற்கு வாக்குத் தவறியவன் என்று பொருள்.

ஏழாம் படி: லே என்றால் வெறும் 'வை' அல்ல

அகராதியில் லேக்கு 'வை' என்று போட்டிருக்கும். அதை நம்பி எல்லா இடத்திலும் லே போட்டால் விநோதமாக இருக்கும். பொதுவாக வைப்பதற்கு 'புட்' இருக்கிறது. லேயில் இரண்டு சாயல்கள் உண்டு: படுக்கை வாட்டில் வைப்பது, பார்த்து நிதானமாக வைப்பது. பாட்டிலை நிமிர்த்தி வைத்தால் புட். பக்கவாட்டில் சாய்த்துக் கிடத்தினால் லே. சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டால் லே வரவே வராது.

படுக்கை வாட்டில் பரப்புகிற, பதிக்கிற வேலைகளெல்லாம் லேயின் ராஜ்ஜியம்: கம்பளம் விரிப்பது, செங்கல் அடுக்கிக் கட்டுவது, தண்டவாளம் போடுவது, தரையடியில் கேபிள் பதிப்பது, அடித்தளம் இடுவது, மலர்வளையம் வைப்பது. அங்கிருந்து உருவகமாகவும் விரிகிறது: பொறி வைப்பது, பழி சுமத்துவது, திட்டம் தீட்டுவது. தமிழில் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வினை. ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் லே.

கூட்டுச் சொற்களில் எந்தக் குடும்பம் என்று பார்ப்பதற்கும் அதே 'எதை?' சோதனை உதவும். 'மிஸ்லே' என்றால் எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுவது, எதை? சாவியை. ஆகவே இறந்தகாலம் மிஸ்லெய்ட். 'வேலே' என்றால் வழிமறிப்பது, யாரை? ஆகவே வேலெய்ட். 'லே ஆஃப்' என்றால் வேலையிலிருந்து நிறுத்துவது. செய்திகளில் 'லெய்ட் ஆஃப்' என்று வருவது இதுதான். மாறாக, 'அண்டர்லை' என்றால் அடியில் இருப்பது. அதனால்தான் அடிப்படைக் காரணத்தை 'அண்டர்லையிங்' என்கிறோம், அண்டர்லேயிங் என்று எழுதினால் பிழை. தலைமறைவாக ஒதுங்கி இருப்பது 'லை லோ'. நேற்று ஒதுங்கி இருந்தான் என்றால் 'லே லோ'.

நிலத்தின் அமைப்பு, பிறகு அதிலிருந்து நிலவரம் என்ற பொருளில் ஒரு தொடர் இருக்கிறது. பிரிட்டனில் 'லை ஆஃப் த லேண்ட்' என்பார்கள், அமெரிக்காவில் 'லே ஆஃப் த லேண்ட்'. இரண்டும் சரி. இங்கே இலக்கணம் பார்க்க வேண்டாம்.

சற்றே விலகி: இந்த வேரின் பேரப்பிள்ளைகள்

இது படி அல்ல, விருப்பமிருந்தால் படியுங்கள். ஜெர்மானிய மொழிகளுக்கும் முந்தைய இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் கிடத்தலைக் குறிக்க 'லெக்' என்பது போன்ற ஒரு வேர் இருந்திருக்க வேண்டும் என்று மொழியியலாளர்கள் மீட்டுருவாக்கி வைத்திருக்கிறார்கள். அந்த வேரிலிருந்து கிளைத்தவை நினைக்காத இடங்களிலெல்லாம் இருக்கின்றன.

சட்டம் என்று பொருள்படும் 'லா', பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. இடப்பட்டது, விதித்து வைக்கப்பட்டது என்று பொருள். தாழ்ந்த என்ற 'லோ'வும் நார்ஸ் வழியாகவே வந்தது. விலங்கின் படுக்குமிடம் 'லெயர்'. ஓரிடத்திலேயே கிடக்கும் பெரிய புத்தகம் 'லெட்ஜர்'. கணக்கு எழுதும் பேரேட்டுக்கு அந்தப் பெயர் அப்படித்தான் வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 'ஃபெலோ'. நார்ஸ் மொழியில் 'ஃபெலாகி' என்ற சொல். 'ஃபே' என்றால் கால்நடை, செல்வம். நம் 'மாடு' என்ற சொல்லுக்கும் செல்வம் என்ற பழம்பொருள் உண்டு, பாருங்கள். 'லாகி' என்பது இடுகிறவன், இந்த லேயின் உறவு. இருவர் சேர்ந்து தொழில் செய்ய ஆளுக்குக் கொஞ்சம் பணம் இட்டால் அவர்கள் ஃபெலாகிகள், அதாவது கூட்டாளிகள். கூட்டாளி தோழன் ஆகி, தோழன் கடைசியில் யாரோ ஓர் ஆள் என்ற அளவுக்கு இறங்கிவிட்டான்.

லத்தீனில் படுக்கைக்கு 'லெக்டுஸ்'. அதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது 'லிட்டர்', எல்-ஐ-டி-டி-ஈ-ஆர். முதலில் படுக்கை, பிறகு விலங்குகளுக்குப் பரப்பும் வைக்கோல், பிறகு சிதறிக் கிடக்கும் வைக்கோல், கடைசியில் தெருவில் கிடக்கும் குப்பை. ஆனால் தாமதம் என்ற 'டிலே', அஞ்சல் ஓட்டம் என்ற 'ரிலே', பாமரர் என்ற 'லேமேன்' ஆகியவற்றில் லே ஒலி இருக்கிறதே என்று இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடாதீர்கள். அவை வேறு வழியாக வந்தவை.

எட்டாம் படி: எங்கே கறாராக இருக்க வேண்டும்

'படு' என்பதற்கு 'லே டவுன்' என்று தாய்மொழிக்காரர்கள் பேசுவதைக் கேட்டால் திருத்தப் போகாதீர்கள். லையின் இடத்தில் லேயைப் போடுவது இடைக்காலத்திலிருந்தே எழுத்தில் காணக் கிடைக்கிறது. 18-ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள்தான் இதைப் பிழை என்று வரம்பு கட்டினார்கள். அதற்குப் பிறகும், 1818-ல் கவிஞர் பைரன் ஒரு கவிதையில் 'கிடக்கட்டும்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் லே என்றே எழுதிவிட்டார். அங்கே 'ஸ்ப்ரே', 'பே' என்ற சொற்களோடு இயைபு வேண்டியிருந்தது. லை போட்டால் இயையாது.

பேச்சில் தளர்ச்சி இருக்கலாம். தேர்வு, வேலைக்கான கடிதம், அலுவலக அறிக்கை, அச்சில் வரும் எதுவும் என்றால் விதிப்படி எழுதுங்கள். மேற்பார்வையிடுகிறவர் தேடித் திருத்துகிற பிழைகளில் இது ஒன்று. கொஞ்சமும் உறுதி இல்லை, அகராதி பார்க்க நேரமும் இல்லை என்றால், வைத்தேன் என்பதற்குப் 'புட்' போட்டுத் தப்பிக்கலாம். படுத்தேன் என்பதற்கு 'வென்ட் டு பெட்' அல்லது 'ஸ்ட்ரெச்ட் அவுட்' என்று இடத்துக்குத் தக்கபடி சுற்றிவரலாம்.

கடைசிப் படி: கை பழக

கீழே ஏழு வாக்கியங்கள். விடையைப் பார்க்காமல் முதலில் வினையை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

1. நேற்று மதியம் கொஞ்ச நேரம் படுத்தேன்.
2. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.
3. அந்தக் கப்பல் பல நூற்றாண்டுகளாகக் கடலடியில் கிடக்கிறது.
4. வயதைப் பற்றி அவன் பொய் சொன்னான்.
5. தெருவில் கேபிள் பதித்துக்கொண்டிருக்கிறார்கள்.
6. நாய் காலையிலிருந்து வாசலில் கிடக்கிறது.
7. நோயாளி கட்டிலில் கிடத்தப்பட்டார்.

விடைகள்: முதலாவது 'லே டவுன்', லெய்ட் என்று வாய் போனால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். இரண்டாவது 'லெய்ட்'. மூன்றாவது 'ஹேஸ் லெய்ன்'. இங்கே 'ஹேஸ் லெய்ட்' என்று எழுதினால் கப்பல் முட்டையிட்டதா என்று கேட்பார்கள். நான்காவது 'லைட்'. ஐந்தாவது 'ஆர் லேயிங்'. ஆறாவது 'ஹேஸ் பீன் லையிங்'. ஏழாவது 'வாஸ் லெய்ட்'. நோயாளி தானே போய்ப் படுத்திருந்தால் வெறும் 'லே' போதும், 'வாஸ்' வேண்டாம்.